ஒட்டாத ரத்தம்

சொர்ணலதாவைத் தாய்மாமன் செல்லப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது ஓடைப்பட்டியில் யாரும் அதைப் பேச்சாக எடுக்கவில்லை. அக்காள் மகள் இருக்கும்போது தம்பிக்காரன் வெளியில் பெண் தேடினால்தான் அது பேச்சு. நடை பழகிய நாளிலிருந்து அவள் அவனை மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். 1996 தையில் தாலி ஏறிய பிறகும் அதே மாமாதான். சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. "எம் பிள்ள வேத்து வீட்டுக்கா போறா? எந்தம்பி வீட்டுக்குத்தான போறா," என்று அவள் அம்மா சந்தனம்மாள் பந்தலில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷமே மஞ்சள் காமாலை கண்டு, பேத்தி முகம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள்.

செல்லப்பாண்டிக்கு ஊருக்கு மேற்கே திராட்சைத் தோட்டம் இருந்தது. அவன் கவாத்து வெட்டுவான், மருந்து அடிப்பான். சொர்ணலதா பழம் வெட்டும் பெண்களோடு நிற்பாள். அதிகம் பேசாத மனுஷன். ஆனால் அவள் வெயிலில் நிற்கிறாளா நிழலில் உட்கார்ந்தாளா என்று தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கண் வைத்திருப்பான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

மகள் கயல் பிறந்த மறுவருஷம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். சொர்ணலதாவின் அண்ணன் அய்யாத்துரை, தாய்மாமன் முறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காதில் பொட்டுப்போல ரத்தம் வந்தது. துடைத்தார்கள். மறுபடி வந்தது. மஞ்சளை வைத்து அழுத்தினார்கள். மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தது. பந்தியில் கறிச்சோறு பரிமாறத் தொடங்கியபோது அய்யாத்துரையின் புது வேட்டி மடியெல்லாம் சிவந்துபோயிருந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். மொட்டை அடித்த கத்தி லேசாகக் கீறிய இடங்களில்கூட ரத்தம் முத்து முத்தாக நின்றது.

தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே காதை விடாமல் அழுத்திப் பிடித்து, ஒருவழியாக நிறுத்தினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "காயத்தை அடைக்கிறது தட்டணுதாம்மா. அது குறைஞ்சாத்தான் பயப்படணும். உங்க பிள்ளைக்கு கவுண்ட் நல்லா இருக்கு. சில பிள்ளைங்களுக்கு இப்படித்தான், வளர்ந்தா சரியாப் போகும்," என்றார்.

கவுண்ட் நல்லா இருக்கு. அடுத்த ஆறு வருஷமும் போன இடத்திலெல்லாம் சொர்ணலதா கேட்டது இந்த ஒரே வாக்கியத்தைத்தான். மூக்கில் ரத்தம் வழிய வழியத் தூக்கிக்கொண்டு போவாள். எண்ணிப் பார்த்துவிட்டு கவுண்ட் நல்லா இருக்கு என்பார்கள். கயலின் முழங்கையிலும் விலாவிலும் தொட்ட இடமெல்லாம் கன்றி நீலம் பாரித்துக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர் ஒருநாள் வரச்சொல்லி, "பிள்ளையை எதை வச்சு அடிக்கிறீங்க?" என்று கேட்டார். அருகில் நின்ற கயல்தான், "எங்க அம்மா என்னைத் தொட்டுத் தூக்கினாலே இப்படித்தான் டீச்சர் ஆகும். அடிச்சா நான் செத்தே போவேன்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். ஓடக் கூடாது, மரம் ஏறக் கூடாது, சைக்கிள் தொடக் கூடாது என்று ஆன பிறகு, கோகோ ஆட்டத்தில் நடுவராக நிற்கத் தொடங்கினாள். விளையாட்டு வாத்தியார் கொடுத்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய பிள்ளைகளையெல்லாம் "அவுட்டு, போய் உக்காரு" என்று விரட்டுவாள். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கும்.

ஆறு வயதில் முதல் பால்பல் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த ரத்தம் மறுநாளும் நிற்கவில்லை. வாய்க்குள் ஈரல் துண்டுபோலக் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் செல்லப்பாண்டி கையை நீட்டினான். அய்யாத்துரை நீட்டினான். செல்லப்பாண்டியின் அண்ணன் விஜயபாண்டி ஜெயமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து நீட்டினார். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் லாரியில் ஏறி வந்தார்கள். "நம்ம பிள்ளைக்கு நம்ம ரத்தந்தான ஆத்தா, எடுத்துக்கிறட்டும்," என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு பல் விழும்போதும் இதுவே நடந்தது. அந்த நாட்களில் சொர்ணலதாவுக்குத் தன் சனத்தை நினைத்து நெஞ்சு நிறைந்தது. அந்த ரத்தம் பின்னால் என்ன செய்யப்போகிறது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, ஏற்றியவர்களுக்கும் தெரியாது.

2004இல் வேலூருக்குப் போகச் சொன்னார்கள். மதுரை போய் ரயில் பிடித்து, காட்பாடியில் இறங்கினார்கள். சொர்ணலதா அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். கயலுக்குப் பின் நெடுநாள் தள்ளிப்போய்த் தங்கிய கரு.

வேலூரில் பார்த்த பெண் டாக்டர் கேரளத்துக்காரர். கல்யாணத்துக்கு முன் சொர்ணலதா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்திருந்ததால் அவளுக்கு அவர் பேச்சு அந்நியமாகப் படவில்லை. கயலின் ரத்தத்தோடு இவர்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் கயலை வெளியே நர்சிடம் அனுப்பிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டம் வட்டமாக வரைந்தார்.

"இதுதான் தட்டணு. எண்ணிக்கை எல்லாரும் சொன்ன மாதிரி சரியாத்தான் இருக்கு. ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. காயம் பட்டா இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைப்பா நிக்கணும். ஒட்டுறதுக்கு இதோட மேல்தோல்ல ஒரு கொக்கி உண்டு. ரெண்டு புரதம் சேர்ந்து ஆன கொக்கி. ரத்தத்துல நூல் மாதிரி இன்னொரு புரதம் ஓடுது. இந்தத் தட்டணு ஒரு முனையப் பிடிக்கும், அந்தத் தட்டணு மறுமுனையப் பிடிக்கும். அப்படித்தான் அடைப்பு விழும். கயலுக்கு அந்தக் கொக்கி இல்லை. ஒரு தட்டணுவிலயும் இல்லை. நாங்க மருந்து விட்டுக் குலுக்கிப் பார்த்தோம். எல்லாம் தனித்தனியா மிதக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டவே இல்லை."

கிளான்ஸ்மேன் நோய் என்று பெயர் சொன்னார். சொர்ணலதா அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒட்டவே இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கொக்கிய ஊசியாப் போட முடியாதுங்களா?" என்று செல்லப்பாண்டி கேட்டான். அவ்வளவு நேரத்தில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

"முடியாது. அது எலும்பு மஜ்ஜைக்குள்ள, தட்டணு உண்டாகும்போதே சேர்ந்து உண்டாகணும். அதைச் செய்ற விதி மரபணுவுல எழுதியிருக்கு. கயலுக்கு அதுல ஒரு எழுத்து மாறிக் கிடக்கு. அவ்வளவுதான் பிழை. அடுத்தவங்க தட்டணுவ ஏத்தலாம். ஆனா அது சில நாள்தான் உயிரோட இருக்கும். அதுல இன்னொரு ஆபத்தும் உண்டு. அவ உடம்பு அந்தக் கொக்கியப் பிறந்ததுலேர்ந்து பார்த்ததே இல்லை. பார்க்காத ஒண்ணு உள்ள வந்தா கிருமின்னு நினைச்சு அழிக்கப் பார்க்கும். ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் அந்தப் பகை கூடும். கடைசியில ஏத்துறது எதுவும் நிக்காது. இதுவரைக்கும் எத்தனை தடவை ரத்தம் ஏத்தியிருக்கு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எண்ணி வைத்திருக்கவில்லை.

"இனிமே உயிருக்கு ஆபத்துன்னா மட்டுந்தான் ஏத்தணும். முக்கியமா, அவ பெரிய மனுஷி ஆகும்போது ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மாத்திரை எழுதித் தர்றேன், பக்கத்துலயே வச்சுக்கங்க. அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்." பிறகு கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"தாய்மாமன்," என்றாள் சொர்ணலதா.

டாக்டர் தலையாட்டினார். அந்த மாறிய எழுத்து அவர்கள் குடும்பத்தில் எப்போதோ ஒருவருக்கு விழுந்தது. எல்லோருக்கும் அந்த விதி அம்மா வழி ஒரு நகல், அப்பா வழி ஒரு நகல் என்று இரண்டு உண்டு; இவர்கள் இருவரிடமும் அதில் ஒன்று பிழையான நகல். இன்னொரு நகல் சரியாக இருப்பதால் பாதிக் கொக்கி உண்டாகிவிடுகிறது; பாதி போதும், அதனால்தான் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிழையான நகல் இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த நோய். இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். சொர்ணலதா வயிற்றில் கை வைத்தபடி கேட்டாள்:

"இதுக்கும் இருக்குமா டாக்டரு?"

"நாலுல ஒண்ணு இருக்கலாம். மூணு பங்கு நல்லா இருக்கும். வயித்துல இருக்கும்போதே பார்த்துச் சொல்ற வசதி இப்ப என்கிட்ட இல்லைம்மா. உள்ளதைச் சொல்லிட்டேன், கேட்டோ. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

ரயிலில் கயல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பேர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். ஓடைப்பட்டிக்கு வந்த மூன்றாம் நாள் சொர்ணலதாவே சொன்னாள்: "வேணாம் மாமா. இன்னொண்ணு இப்படித் துடிக்கிறத என்னால பார்க்க முடியாது."

"நீ சொல்றதுதான்," என்றான் அவன்.

பெரியகுளம் போய்க் கலைத்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை பல மாதம் கழித்து வந்தது. களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நாலில் மூன்று. அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கும். நல்ல பிள்ளையைத்தான் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு அன்றைக்குப் புகுந்தது, பிறகு போகவே இல்லை. இல்லை, அதுவும் கயல் மாதிரிதான் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். அப்போது கயலையே வேண்டாமென்று சொல்வதுபோல இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்தான்.

செல்லப்பாண்டி அதன் பிறகு தோட்டத்து மோட்டார் ரூமிலேயே படுத்துக்கொண்டான். கோபமில்லை, சண்டையில்லை. சாப்பாட்டுக்கு வருவான், கயலோடு விளையாடுவான், போய்விடுவான். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி, "நான் உனக்கு மாமனாவே இருந்திருக்கலாம் சொர்ணம்," என்றான். அவள் ரசத்தை ஊற்றினாள். வேறென்ன செய்ய முடியும்?

2009 ஆடியில், ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கயல் பெரிய மனுஷி ஆனாள். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்துதான் வந்தாள். வாசலில் நின்று, "அம்மா, நீ பயந்துக்கிட்டே இருந்தேல்ல, அது வந்துருச்சு," என்றாள். சொர்ணலதா மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். செய்தி எப்படியோ பரவிவிட்டது. அய்யாத்துரை குச்சு கட்டப் பச்சை ஓலையோடு வந்துவிட்டான். ஜெயமங்கலத்திலிருந்து விஜயபாண்டி போன் செய்தார்.

"முதல் தண்ணியாவது ஊத்திட்டுக் கூட்டிப் போங்கத்தா. ஒரு பொண்ணு இருக்கா, அதுக்கும் முறை செய்யாம..."

"பெரியமாமா, தண்ணி ஊத்துனா ரத்தம் நிக்குமா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். அய்யாத்துரையிடம், "ஓலையப் போடுண்ணே. காரப் பிடி," என்றாள். அவன் ஓலையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான்.

மதுரைக்குப் போகும் வழியிலேயே விரித்த சேலைகள் நனைந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் யாரும் குறை வைக்கவில்லை. வேலூருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், தட்டணு ஏற்றினார்கள். முதல் பையில் ஒழுக்கு குறைந்ததுபோல இருந்தது. கயல் இட்லி கேட்டாள். "எனக்கு சடங்கு வச்சா மாமா வளையல் போடுவாகளா, இல்ல ஏமாத்திருவாகளா?" என்று அய்யாத்துரையைச் சீண்டினாள். மறுநாள் மறுபடி பெருகியது. இரண்டாவது பை, மூன்றாவது பை. உள்ளே போனது எதுவும் நிற்கவில்லை. அங்கிருந்த டாக்டர் செல்லப்பாண்டியைத் தனியே அழைத்து, உடம்பு அதையெல்லாம் எதிரி என்று அழித்துவிடுகிறது என்றார். வேலூர் டாக்டர் தாளில் வட்டம் போட்டுச் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் சனமெல்லாம் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அவள் உடம்புக்கு அந்தப் பகையைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

தட்டணு இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கிற ஊசி ஒன்று உண்டு, அது இங்கே கையிருப்பில் இல்லை, சென்னையிலிருந்து வருகிறது என்றார்கள். சொர்ணலதா வராந்தாவில் நுழைகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் வெளுத்து, காகிதம்போல ஆகிக்கொண்டிருந்தாள். "தலை வலிக்குதும்மா," என்றாள். பிறகு சொன்னது வாய் குழறிப் புரியவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மத்தியானம் எல்லாம் முடிந்தது. ஊசி சாயங்காலம் வந்து சேர்ந்தது.

ஊர்க்காரர்கள் வந்து அழுதார்கள், போனார்கள். சாமி குத்தம் என்றார்கள் சிலர். முறை செய்யாமல் தூக்கிப்போனதால் என்றும் யாரோ சொன்னார்கள். சொர்ணலதா எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை.

அவள் வாயைத் திறந்தது அடுத்த வருஷம்தான். அய்யாத்துரை மகள் விஜிக்கும் விஜயபாண்டி மகன் சூரியபிரகாஷுக்கும் கல்யாணம் பேசினார்கள். காதில் விழுந்த அன்றே சொர்ணலதா அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, எனக்கு இருக்கிற பிழை உனக்கும் இருக்கலாம். உனக்கு இருந்தா விஜிக்கும் வந்திருக்கலாம். பெரியமாமாவும் எங்க மாமாவும் கூடப்பிறந்தவுக, அந்தப் பக்கமும் இருக்கலாம். கட்டிவைக்க வேணாம்னு நான் சொல்லல. ஒருக்கா வேலூர் போயி ரெண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்துட்டு வந்துருவோம். பாதிக் கொக்கியா முழுக் கொக்கியான்னு அங்கன சொல்லிருவாக."

அய்யாத்துரை கயலை மடியில் வைத்திருந்தவன். மதுரையில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதவன். அவனுக்குப் புரியாமல் இல்லை.

"பார்த்து, இருக்குன்னு சொல்லிட்டாக. அப்புறம்? ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும். சொந்தத்துலயும் கட்ட முடியாது, வெளியவும் எவனும் கட்ட மாட்டான். எம் மக ரத்தத்துல நோய்னு பேராயிரும். தெரியாம இருந்தா அவளுக்கு ஒரு வாழ்க்கையாவது இருக்குல்ல?"

"வெளியில கட்டுனா ஒண்ணும் ஆகாதுண்ணே. பாதி இருந்தாப் போதும்னு டாக்டரே..."

"அத நீ சொல்லுவ. பொண்ணு பாக்க வர்றவனுக்கு யாரு சொல்றது?"

அண்ணி அடுப்படியிலிருந்து, "பெத்ததப் பறிகுடுத்துட்டு அடுத்த வீட்டு விளக்கையும் ஊதப் பார்க்குறா," என்றாள். சன்னமாகத்தான் சொன்னாள். ஆனால் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

கிளம்பும்போது விஜி தெருமுனை வரை கூட வந்தாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் கயலுக்குத் தலை பின்னிவிட்டவள்.

"அத்தே, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நா போயி யாருட்ட சொல்ல? அவுக நல்லவுகதான், எனக்குப் பிடிச்சும் இருக்கு."

சொர்ணலதா அவள் கன்னத்தைத் தொட்டாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் என்ன சொல்லிப் பயத்தைக் கூட்டுவது? "ஒண்ணும் இருக்காதுத்தா," என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்ன வார்த்தை அவளுக்கே நம்பிக்கை தரவில்லை.

கல்யாணம் ஜெயமங்கலத்தில் நடந்தது. செல்லப்பாண்டி மாப்பிள்ளை வீட்டுக்காரனாக முன்னால் நின்றான். நிற்கத்தான் வேண்டும். சொர்ணலதா பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையில்லாதவளை மணவறைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. மேளம் கொட்டிய நேரத்தில் எழுந்து போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தி என்னத்தைச் சொல்வது? சரியாகத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவளிடம் இருந்தது அவ்வளவுதான். எல்லோரும் அட்சதை போட்டபோது அவளும் போட்டாள்.

ஐப்பசியில், பழம் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் செல்லப்பாண்டி தோட்டத்துக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே போன் பண்ணுனாரு. விஜி முழுகாம இருக்காளாம்."

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகக் கூவினார்கள். இனிப்பு எப்போது என்று கேட்டார்கள். சொர்ணலதா கொடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லாமலும் இருக்கலாம்ல சொர்ணம்," என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"இருக்கலாம் மாமா."

அவன் நகராமல் அங்கேயே நின்றான். அவள் கத்தரியை எடுத்து வேலையைத் தொடர்ந்தாள். சாயங்காலம் பழத்தைப் பெட்டியில் அடுக்கும்போது பார்த்தால், அவள் வெட்டிப் போட்ட குலைகளில் பாதிக்கு மேல் பச்சைக் காய். செல்லப்பாண்டி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தான்.